இருபத்திரண்டு

நாலாம் நாள் காய்ச்சல் விட்டிருந்தது.
அம்மாக்காரி சிரித்தாள்.
"மேலு குளுந்திருச்சு மிஸ்ஸி,
எழுதிக் குடுங்க. மச்சான் மோட்டார்ல வெளிய நிக்கிறாரு."
லாயாங் லாயாங்கில் ராத்திரி எட்டே முக்கால்.
செம்பனை ஆலையின் புளித்த வாசம்
ஏர்கோன் இடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது.

நானும் சிரித்திருப்பேன்,
வெறும் சளிக் காய்ச்சல் என்றால்.
கொசு கொண்டுவந்தது வேறு ஜாதி.
போகிறேன் என்று முன்வாசலில் சொல்லிவிட்டுப்
பின்வாசலில் வந்து நிற்கிற ஆலோங்.

கவிலேஷ். ஐந்து வயது.
கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தான்.
கையுறையை ஊதி முடிச்சுப் போட்டு
ஐந்து விரல் கொண்டைச் சேவல் காட்டினேன்.
எந்தப் பிள்ளையும் பிடுங்கும்.
இவன் பார்த்தான்.
பார்வையை அங்கேயே வைத்துவிட்டு
மறந்துபோனான்.

எண்கள் எல்லாம் நல்ல பிள்ளைகள்.
சூடு முப்பத்தாறு புள்ளி எட்டு.
ரத்த அழுத்தம் மேலே தொண்ணூற்றாறு,
கீழே எழுபத்து நாலு.
இடைவெளி இருபத்திரண்டு.
இருபதைத் தொட்டால்தான் புத்தகம் கத்தும்.
காலையில் வந்தபோது அட்டையில் முப்பத்தாறு.

நகத்தை அழுத்தி விட்டேன்.
வெள்ளை. ஒன்று. இரண்டு.
சிவப்பு வந்தது இரண்டிலா, இரண்டைத் தாண்டியா?
மறுபடி அழுத்தினேன்.
ஓடுவது அவன் ரத்தமா, என் எண்ணிக்கையா?
பாதம் சில்லென்றிருந்தது.
ஏர்கோனை அடைத்துவிட்டுப்
பத்து நிமிடம் காத்திருந்தேன்.
பாதம் சில்லென்றே இருந்தது.

"கடைசியா எப்ப ஒண்ணுக்குப் போனான்?"
விரல்விட்டு எண்ணினாள்.
எண்ணி முடிப்பதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது.
"துவண்டுதான் கெடக்கான் மிஸ்ஸி.
இந்நேரம் என் போனைப் புடுங்கியிருக்கணுமே."

முன் மேசையில் ஹஃபிஸான், மருத்துவ உதவியாளர்.
இருப்பது ஒரே ஆம்புலன்ஸ்.
குளுவாங் போய்த் திரும்ப ஒன்றரை மணி நேரம்.
அதற்குள் தோட்டத்தில் யாருக்காவது பிரசவ வலி வந்தால்?
போன வருஷம் நான் அனுப்பிய குழந்தை
அங்கே இறங்கியதுமே பிஸ்கட் கேட்டதாம்.
கேலியாகச் சொல்லவில்லை, கணக்காகச் சொன்னார்.
அதற்கு முந்தைய வருஷம்
நான் அனுப்பாமல் விட்ட ஒரு பிள்ளையைப் பற்றி
அவர் பேசவில்லை.
நானும் பேசவில்லை.

பாரத்தில் காரணம் எழுத ஒரு கட்டம்,
தீப்பெட்டி அகலம்.
தமிழில் என்றால் துவண்டு, வாடி, சுருண்டு, சொணங்கி,
வெயிலில் மறந்துவைத்த கீரைக்கட்டாக.
மலாயில் எனக்கு வந்தது ஒரே சொல்:
லெமா.
பக்கத்தில் காலை முப்பத்தாறு, இப்போது இருபத்திரண்டு.
சேவலை எழுத இடமில்லை.

ஹஃபிஸான் படித்தார்.
ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய்
அவரே பாதத்தைத் தொட்டார்.
தொட்ட கையை எடுக்காமல்
மறுகையால் போனைத் தேடினார்.

மூன்று வாரம் கழித்துப் பாசார் மாலாமில்,
அப்பம் பாலேக் வண்டிக்கு முன்னால் அம்மாக்காரி.
"ரெண்டு ராத்திரி ட்ரிப் போட்டு அனுப்பிட்டாங்க.
ஒண்ணுமில்லையாம்.
நர்சரியில ரெண்டு நாள் சம்பளம் போச்சு மிஸ்ஸி."
குரலில் கோபம் இல்லை,
கோபத்துக்குப் பக்கத்து வீடு.

ஒன்றுமில்லைதான்.
நடக்காமல் போனதற்கு
யார் ரசீது எழுதித் தருவார்கள்?
இருபத்திரண்டு இருபதாக இறங்கியிருக்குமா,
தானாகவே மேலேறியிருக்குமா,
சத்தியமாக எனக்கும் தெரியாது.

ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு
கவிலேஷ் அவள் இடுப்பில் இருந்தான்,
வாய் முழுக்கச் சோளம்.
கை தன்னால் நீண்டது.
வெறும் பாதத்தைப் பிடித்து
நகத்தை அழுத்தினேன்.
எண்ணவிடாமல்
உதைத்தான்.