கிட்டத்தட்ட

புந்தா அரேனாஸ் கடற்கரைச் சூதாட்ட விடுதியில்
ஒன்பது வருஷம் இயந்திரங்களுக்கு வைத்தியம் பார்த்தேன்.
இரண்டு செர்ரி வரிசையில் நிற்கும்.
மூன்றாவது ஒரு மயிரிழை தாண்டி வழுக்கும்.
வழுக்கலுக்கு ஓர் எண் உண்டு.
அதை ஏற்றி இறக்குவது என் வேலை.

இப்போது இரவுப் பள்ளியில் பின்னம் சொல்லித் தருகிறேன்.
நண்டு ஆலை விட்டு எட்டு மணிக்கு வருகிறார்கள்,
எவ்வளவு கழுவினாலும் விரலிடுக்கில் உப்பு.
எட்டாம் வகுப்புச் சான்றிதழ் இருந்தால்
மேற்பார்வை வேலை கிடைக்கும்.
அவ்வளவுதான் கனவு: ஈரமில்லாத கையுறை.

தெரிந்த வித்தையைத்தானே முதலில் எடுப்போம்.
சுவரில் பட்டியல் மாட்டினேன்.
சரியான விடைக்குப் பத்துப் புள்ளி,
ஏழு நாள் விடாமல் வந்தால் வெள்ளி நட்சத்திரம்.
வகுப்பு கொதித்தது.
மிரேயா ஓயார்சூன் பாதிக் கேள்வியிலேயே கை தூக்கினாள்.

மூன்றாம் வாரம்தான் உறைத்தது:
யாரும் சந்தேகம் கேட்பதில்லை.
சந்தேகத்துக்குப் புள்ளி இல்லையே.
கடினமான கணக்கைச் சீண்டுவாரில்லை,
எளியதையே திரும்பத் திரும்ப மென்றார்கள்.

பட்டியலின் அடியில் எலெயூத்தேரியோ மன்சீயா.
நாற்பத்தேழு வயது. ஒரு வியாழன் வரவில்லை.
காற்று என்று நினைத்தேன்.
இங்கே காற்று முற்றினால்
பிடித்து நடக்கத் தெருவில் கயிறு கட்டுவார்கள்.
மறு வியாழனும் வரவில்லை.
அன்று இலைகூட அசையவில்லை.

விட்டுப்போன நோட்டைத் திறந்தேன்.
அரையும் மூன்றில் ஒன்றும் சேர்ந்தால் ஐந்தில் இரண்டு.
பக்கம் பக்கமாய் அதே தப்பு.
மேலோடு மேல், கீழோடு கீழ்,
நண்டை எடைபோட்டு அடுக்குகிற ஒழுங்கில்.
ஒவ்வொன்றுக்கும் சிவப்பில் சுழியம் போட்டிருக்கிறேன்.
முப்பத்தொரு சுழியம்.

இயந்திரத்தில் ‘கிட்டத்தட்ட’ என்பது பொய்.
அந்த மூன்றாவது செர்ரி
ஒருநாளும் பக்கத்தில் இருந்ததில்லை.
இவர் இருந்தார். ஒரே ஒரு படி.
இல்லாத நெருக்கத்தைக் காட்டிச் சம்பளம் வாங்கியவன்
இருந்த நெருக்கத்தை மறைத்துவிட்டேன்.

பட்டியலைக் கழற்றினேன். மிரேயா சண்டைக்கு வந்தாள்,
என் இருநூற்றுப் பத்துப் புள்ளிக்கு யார் பொறுப்பு என்று.
நியாயம்தான். இன்னும் பதில் சொல்லவில்லை.

நோட்டோடு ஆலை வாசலில் காத்திருந்தேன்.
சுழியங்களை அழிக்கவில்லை.
கடைசிக் கணக்கின் கீழ் மட்டும்
அளவெடுத்து ஒரு படம்:
பாதி நிறைந்த பெட்டி,
பக்கத்தில் அவர் விடை நிறைத்த பெட்டி.
கையுறையைக் கழற்றாமலே பார்த்தார்.
நெடுநேரம்.
“பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்கேன்.
பாதியை விடக் குறைஞ்சிருக்கே?”
சிரித்தார்,
தன்னைத் தானே பிடித்துவிட்ட திருடனைப் போல.
சங்கு ஊதியது.
நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார்.

இன்று வியாழன். எட்டாகப் போகிறது.
கதவு அசைகிறது.
காற்றாகவும் இருக்கலாம்.
நான் எந்த எண்ணையும் திருகவில்லை.