உப்பு என்று எழுதியிருக்கிறது

பெர்க்மான்ஸ் கொடுத்துவிட்ட குப்பி
இரண்டு கம்பளிச் சட்டைக்குள் சுருண்டு
மிலான், தோஹா, திருவனந்தபுரம் கடந்து
இன்று மதியம் கடியப்பட்டணம் வந்தது.
கொண்டுவந்த குளச்சல்காரன்
உடைந்திருக்குமோ என்று பயந்த கதையை
மூன்று தடவை சொன்னான்,
தண்ணீர் குடித்தான், போனான்.

வெளிறிய வைக்கோல் நிறம்.
பெயர் வெர்மெந்தினோ.
வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன்,
ஞாயிறு பூசையில் வாசிக்கும்
ஏதோ ஊர்ப்பெயர் போல இருந்தது.

பின்பக்கத் தாளில் பொடி எழுத்து.
போனைக் காட்டினால் தமிழில் சொல்கிறது:
கடலைப் பார்த்த சரிவு,
ஒரே குடும்பம், இரண்டு ஏக்கர்,
நாவில் நிற்கும் உப்பு.

உப்பு என்று எழுதியிருக்கிறது.
குறையாக அல்ல.
அதற்குத்தான் விலையே.

இங்கே அது சன்னல் கம்பியைத் தின்றது.
பிரிட்ஜின் முதுகைத் தின்றது.
போன வருடம் பூசிய தூணை உரித்து
உள்ளே இருந்த கம்பியை
வெளியே இழுத்துக் காட்டியது.
ஒருவரும் தாள் அடித்து ஒட்டவில்லை.

நெத்தோலிப் பெட்டி ஐஸில்
குப்பியைப் புதைத்துவைத்தேன்.
கார்க் எடுக்கும் திருகாணி
இந்தத் தெருவில் யாரிடமும் இல்லை.
தார்சிஸ் எஞ்சின் பெட்டியைத் திறந்து
ஸ்குரு டிரைவரோடு வந்தான்.
பாதி கார்க் வெளியே வந்தது,
பாதி உள்ளே விழுந்து மிதந்தது.
தேயிலை அரிப்பில் வடித்தோம்,
எவர்சில்வர் டம்ளரில்.

"சாமியாருக்க ரசமா?"
மகள் எட்டிப் பார்த்தாள்.
அது வேறே, என்றேன்.
எப்படி வேறே என்று கேட்டால்
எனக்குத் தெரியாது.

தார்சிஸ் ஒரு மிடறு குடித்து முகம் சுளித்தான்:
"புளிச்சுப் போச்சு கேட்டியா,
ஒண்ணுக்கும் கொள்ளாது."
பொரித்த நெத்தோலி நாலைந்தை
முள்ளோடு மென்றான்.
மறுபடி குடித்தான்.
பேசவில்லை.
டம்ளரை என் பக்கம் நீட்டினான், நிரப்பச் சொல்லி.

எனக்கு முதலில் எலுமிச்சைத் தோல்.
பிறகு மழை பெய்த பாறை.
விழுங்கிய பிறகு, தாமதமாக,
ஏலக் கணக்கை எழுதி முடித்து
உச்சி வெயிலில் உதட்டை நக்கினால்
என்ன வருமோ அது.

ஓக்கிக்குப் பிறகு
கடலே வேண்டாம் என்று போனவன்.
நிலத்தில் வேலை, என்றான்,
மண், செடி, கத்தரிக்கோல்.
முதல் வாரம் அனுப்பிய படத்தில்
திராட்சைக் கொடிகளுக்குக் கீழே
நீலமாக அது கிடந்தது.
படத்தில் அவன் அதற்கு
முதுகைக் காட்டி நின்றான்.

முன்பக்கத் தாளில்
முதலாளியம்மா ஒர்னெல்லாவின் குடும்பப் பெயர்.
தங்க எழுத்து.
மூலையில், பால்பாயின்ட் பேனாவில்,
ஓர் எண்.
வருடமோ விலையோ என்று நினைத்தேன்.
தார்சிஸ்தான் கண்டுபிடித்தான்.
கரைக்கு வராத
எங்கள் வள்ளத்தின் பதிவு எண்.

இருட்டியபின் வீடியோவில் வந்தான்.
முட்டத்து விளக்கு
ஒருதரம் மொட்டைமாடியைத் துடைத்துப் போனது.
"எப்படி இருக்குன்னு ஒர்னெல்லா கேக்கா."
எண்ணைப் பற்றிக் கேட்க வாயெடுத்தேன்.
தார்சிஸ் போனைப் பிடுங்கி
"நெத்தோலிக்குக் கொள்ளாம்" என்றான்.
பெர்க்மான்ஸ் அதை என்னவாக மொழிபெயர்த்தானோ,
இரண்டு விநாடி கழித்து
ஏழெட்டுப் பேர் சிரிப்பது கேட்டது.
நெத்தோலி என்றால் என்ன என்று யாரோ கேட்டிருக்க வேண்டும்.
தட்டைக் காட்டினேன்.
தலைகள் மட்டும் மிச்சமிருந்தன.

எண்ணைப் பற்றி நான் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

குப்பியில் இரண்டு விரல் உயரம் இருக்கிறது.
நாளைக்குச் சாளைக் கறியில்
புளிக்குப் பதில் ஊற்றலாம் என்கிறான்.
மூச்சுக் காட்டாமல் எடுத்துப் போய்
அலமாரியில் வைத்தேன்.
கதவு மூட மாட்டேன் என்கிறது.
கீலில் உப்பு.