காரணம், ஒரு வரியில்

இண்டென்ட் படிவத்தில் காரணத்துக்கு
ஒரு விரலகலக் கட்டம்.
மூன்று மாத ஊசி: கேட்பு நூற்று இருபது.
போன வருஷம் இதே காலாண்டில் செலவு: ஐம்பத்திரண்டு.
எழுதினேன்: 'மீன்பிடித் தடைக்காலம்'.

நீங்கள் போன் செய்தீர்கள்.
'சிஸ்டர், தடை மீனுக்கு. மருந்து யாருக்கு?'
சிரித்தீர்கள். நானும் சிரித்தேன்.
காசிமேட்டில் பதினோரு வருஷமாக ஊசி போடுகிறவளுக்குத் தெரியும்,
சிரித்துவைத்தால்தான் ஸ்டோரிலிருந்து எதுவும் வரும்.

கட்டத்தில் கொள்ளாதது இது, சார்.
ஏப்ரல் பதினைந்திலிருந்து விசைப்படகுகள்
ஒன்றையொன்று உரசிக்கொண்டு கட்டிக் கிடக்கும்,
அறுபத்தோரு நாள்.
மீன் நிம்மதியாக முட்டையிட
அரசாங்கம் கடலையே மூடித் தருகிறது.
பத்துக்குப் பத்து வீட்டில்
ஆண்கள் பகலிலும் இருப்பார்கள்.
ஜனவரி பிறந்தால் பிரசவ வார்டில் நிற்க இடமிருக்காது.
விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்.

படகு ஓடும் நாளில் பெண்களுக்கு
வெளியே வர ஆயிரம் சாக்கு.
எறா உரிக்க, ஐஸ் உடைக்க, ஏலம் எடுக்க.
ஊசியும் அந்த வழியில்தான்.
தடையில் எறாவும் இல்லை ஏலமும் இல்லை,
'எங்க போற?' மட்டும் வாசப்படியில் உட்கார்ந்திருக்கும்.
ஐம்பத்திரண்டு என்பது தேவையின் கணக்கா?
வாசலைத் தாண்ட முடிந்தவர்களின் கணக்கு, சார்.

நாகவல்லி ரேஷன் பையோடு வருவாள்.
'சீக்கிரம் போடுக்கா, க்யூல நிக்கறேன்னு சொல்ட்டு வந்துகிறேன்.'
போட்ட இடத்தைத் தேய்க்காதே என்பேன்.
வலித்தாலும் தேய்க்க மாட்டாள்,
யார் கண்ணிலாவது பட்டால்?
அடுத்த தேதி எழுதிய அட்டையை
என்னிடமே விட்டுவிட்டுப் போவாள்.
என் மேசையின் இரண்டாவது இழுப்பறையில்
இப்படி முப்பத்தொன்பது அட்டை.
எறா வாசம் போகவில்லை என்று
டாக்டரம்மா ஊதுவத்தி வாங்கித் தந்தார்கள்.

போன மே மாதம் கூட்டம் ஓய்ந்த ஒரு மதியம்
தேசிங்கு வந்தான். ஸ்ராங்கு.
சட்டைப் பையில் வலை பின்னும் ஊசி துருத்திக்கொண்டிருந்தது.
யாருக்கு மாத்திரை என்று கேட்டேன்.
'மாத்திரை இல்லக்கா. எனுக்குத்தான், அந்த ஆப்ரேஷன்.
கடல் மூடிகீறப்பவே முடிச்சிட்டா
நாலு நாள் படுத்துனு இருக்கலாம்.'
ஆணாக வந்து கேட்டவர்களில் அவன் மூன்றாவது.
முதல் இருவர் பணம் எவ்வளவு என்று கேட்டுவிட்டுப்
போனவர்கள், திரும்பவில்லை.
அவசரத்தில் வேறு படிவத்தை எடுத்துவிட்டேன்.

'வூட்டுக்காரி கையெத்து வோணுமா?'
'வேணாம்ப்பா.'
கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தான்.
'ரெண்டாவது பெத்துட்டு அவ வந்து கேட்டப்ப
என் கையெத்து இல்லன்னு திருப்பி அனுப்ச்சீங்களே.
நான் ஆந்திரா பக்கம் கடல்ல இருந்தேன், பதினாலு நாளு.
அப்பறம்தான் மூணாவது.'

விதியில் அது இல்லை, சார்.
வழக்கத்தில் இருந்தது.
அனுப்பியது நீங்களா என்று அவன் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.
மூணாவது பேரு என்ன என்றேன்.
'தர்ஷிகா. நல்லாப் படிக்கும்' என்றான் வேகமாக,
யாரோ அவளைக் குறை சொல்லிவிட்டதுபோல.
சீட்டு எழுதி ஸ்டான்லிக்கு அனுப்பினேன்.

நேற்று பெட்டி வந்தது. எண்ணினேன், அறுபது.
காரணத்தை அடித்துவிட்டுப்
'பயனாளிகள் அதிகம்' என்று எழுதச் சொன்னீர்களாம்.
எழுதிவிட்டேன்.

தடைக்கு முந்தின நாள் புத்தாண்டு, அரசு விடுமுறை.
அதற்குள் அட்டைக்காரிகள் வந்தாக வேண்டும்.
நாகவல்லிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்,
ரேஷன் கடையில்
பாமாயில் வந்திருக்கிறது என்று.