பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு

லெபோ லைட் நீதிமன்றத்தில் ஏர்கோண்ட்
எப்போதும் பதினெட்டில்.
மேல்முறையீட்டுப் பதிவேடு நான்கு தொகுதி,
நீல அட்டை, ஓரமெல்லாம் மஞ்சள் சீட்டு.
ஏழு குற்றச்சாட்டு. ஐந்து பெண்கள்.
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ் ஒன்று.
இரவு ஷிப்ட் முடிந்து வரும்போது
கடைசி நிறுத்தத்தில் இறங்க வேண்டியவள் எவளோ
அவள்.

பஸ்ஸை ஓட்டியவன் பெயர் முகப்பில், தடித்த எழுத்தில்.
பெண்களுக்கு எண்கள்தாம்.
சட்டம் அப்படி; நல்ல சட்டம்.
என் பெயரும் உண்டு, அடியில், சிறிதாக:
மொழிபெயர்ப்பாளர், புவான் தவமலர்.

இன்று என்னை அவனுக்காகப் போட்டிருக்கிறார்கள்.
கூண்டை ஒட்டி நின்று
அவனுக்காக மலாயில் வாதாடப்படுவதை
அவன் காதருகே தமிழில் சொல்ல வேண்டும்.
சிறைச் சவுக்காரம் மணக்கிறது.

வழக்கறிஞர் சற்குணநாதன் அவசரப்படுகிறவர் அல்ல.
ஐவர் சொல்வதும் ஒத்துப்போகிற இடத்தில்
கூடிப் பேசியிருக்கிறார்கள் என்கிறார்.
ஒத்துப்போகாத இடத்தில்
பொய் என்கிறார்.
இரண்டையும் நான் சொல்கிறேன்.
இரண்டுக்கும் அவன் தலையாட்டுகிறான்.

பிறகு, பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
நான்காம் சாட்சி.
"யாங் ஆரிஃப், இந்தப் பெண்
என் கட்சிக்காரரைப் பதினொரு முறை
அபாங் என்று அழைக்கிறாள்.
மனைவி கணவனை அழைக்கிற சொல் அது.
விருப்பமில்லாதவள் வாயில் வருமா?"

அபாங்.
அது என் சொல்.

மூன்று வருடம் முன்பு, திரைக்குப் பின்னால்,
சட்டைக் கையை விரல்வரை இழுத்துவிட்டுக்கொண்டு
அவள் சொன்னது: வேணாண்ணே.
ஒற்றைச் சொல்.
நடுவில் மூச்சு விடவும் இடமில்லை.
நான் அதை இரண்டாக உடைத்தேன்:
ஜாங்கான், அபாங்.
பதிவாளர் கேட்டதற்காக
ஒரு காற்புள்ளியும் வைத்துக் கொடுத்தேன்.
இப்போது முதல் பாதியை மேசையிலேயே விட்டுவிட்டு
பின்பாதியை மட்டும் தூக்கிக் காட்டுகிறார்.

அவருக்குத் தமிழ் தெரியும்.
காலையில் வராந்தாவில் அவருடைய குமாஸ்தா
"அண்ணே, பைல் காரிலேயே இருக்கு" என்று ஓடிவந்தபோது
அவர் வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை.

அரசுத் தரப்பில் நோர்ஹயாத்தி எழுந்தார்.
மூலச் சொல் வேறு என்றார்.
சொல்லிப் பார்த்தார், நாக்கு இடறியது.
நீதிபதி என் பக்கம் திரும்பினார்:
அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்?

இருபத்தாறு வருடம். இந்த அறையில்
என் வாயிலிருந்து என் பேச்சு வந்ததே இல்லை.

ரொட்டி சானாய் போடுகிறவர் அண்ணே.
கேஸ் தோங் தூக்கி வருகிறவர் அண்ணே.
கூடப் பிறந்தவன் அண்ணே.
ஆள் இல்லாத நேரத்தில் ஒரு பெண்
தனக்கும் எதிரே நிற்கிறவனுக்கும் நடுவில்
சட்டென்று இழுத்துப் போடுகிற நாற்காலி
அண்ணே.

நினைத்தது இவ்வளவு.
சொன்னது: "மூத்த சகோதரர், யாங் ஆரிஃப்.
பொதுவாக, மரியாதைக்கு."
பிறகு, யாரும் கேட்காமல்:
"பதினொரு முறையும் அதற்கு முன்னால் வேண்டாம் இருக்கிறது.
ஒலிப்பதிவில் ஒட்டியிருக்கும்.
பிரித்தது நான்."

சற்குணநாதன் ஆட்சேபித்தார்.
மொழிபெயர்ப்பாளர் சாட்சி அல்ல.
அது சரிதான்.
நீதிபதி என்னவோ எழுதினார்.
ஒரு வரியா ஒரு பக்கமா,
நான் நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

தீர்ப்பு ஒத்திவைப்பு. அடுத்த மாதம் பதினேழு.

அதையும் நான்தான் சொல்ல வேண்டும்.
குனிந்து சொன்னேன்.
விலங்குக்குக் கையை நீட்டியபடியே
சரிங்கக்கா, என்றான்,
ஒற்றைச் சொல்லாக.