பதினான்காம் தாள்

தார்த்து நகரில் நவம்பர்.
மூன்றரைக்கே விளக்குப் போட்டாயிற்று.
பனியும் இல்லை, மழையும் இல்லை,
இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஒன்று
எமயோகி ஆற்றின்மேல் விழுந்துகொண்டிருக்கிறது.

நூலகத்துக்குள் ஒரு நூலகம்.
நிரல் எழுதுகிறவர்கள் அதையும் லைப்ரரி என்றுதான் சொல்வோம்.
அலமாரி கிடையாது, தூசி கிடையாது.
எழுபதாயிரம் படங்களில்
எதற்கு அடுத்து எது என்று சீட்டு எழுதித் தரும்.
சீட்டுக்கு மேனிஃபெஸ்ட் என்று பேர்.
இரண்டாம் பதிப்பிலிருந்து மூன்றுக்கு இன்று ஏற்றினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள் சிவந்தன.

"பண்டிகைக்கு ஆகும்" என்கிறான் தர்வோ,
கறுப்பு ரொட்டிமேல் மீனை அடுக்கிக்கொண்டே.

பாதி, வெறும் பெயர் மாற்றம்.
வால் சுருண்ட குறிகளை நறுக்கினேன்.
வரிசை என்றொரு பெட்டி இருந்தது,
அதைப் பிரித்து உள்ளே இருந்தவற்றை வெளியே விட்டேன்.

மீதிப் பாதி, கேள்வி.
பழையது எந்தத் தலைப்பையும் வாங்கிப் போட்டுக்கொள்ளும்,
சில்லறையை எண்ணாத கடைக்காரன் மாதிரி.
புதியது கையை நீட்டித் தடுக்கிறது:
இது எந்த மொழி?

பாதிரியாரின் பதிவேடு: ஜெர்மன்.
ஜார் காலத்து நில அளவை: ரஷ்யன்.
பிறகு லெய்டா உய்போ என்பவளின் படப்பெட்டி.
ஒரு மாடு, பக்கவாட்டில்.
பின்புறம் பென்சிலில்,
"மாடு. எங்களுடையது அல்ல."

கடைசிச் சொல்லின் முதலெழுத்தில்
வட்டம் மூடியிருந்தால் எஸ்டோனியன்,
மேலே திறந்திருந்தால் வோரு.
பென்சில் சரியாக அந்த இடத்தில் மழுங்கியிருக்கிறது.
மூடியிருக்கிறது என்றான் தர்வோ.
திறந்திருக்கிறது என்றாள் மாடியிலிருந்து இறங்கிவந்த ஹெல்யு.
அரைமணி நேரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

தெரியாதபோது போடுவதற்கென்றே
விதியில் ஒரு சொல் இருக்கிறது,
'ஏதுமில்லை' என்று பொருள்படும் நாலெழுத்து.
போட்டேன்.
அழித்தேன்.
அடுத்த வீட்டு மாட்டை நிற்கவைத்துப் படமெடுத்து
உண்மையையும் எழுதி வைத்தவளுக்கு
மொழி இல்லை என்று நான் எப்படி எழுத?
ஒரே வரியை இரண்டு மொழிக்கும் கொடுத்தேன்.
விதி தடுக்கவில்லை.
ஹெல்யு மாடிக்குத் திரும்பினாள்.

ஏழரைக்கு ஒரேயொரு சிவப்பு பாக்கி.
மாவு மில்லின் கணக்கேடு.
பதின்மூன்றாம் தாளுக்கு அடுத்தது பதினைந்து.
பதினான்கை யாரோ கத்தரித்திருக்கிறார்கள்,
அவசரமில்லாமல், நேராக.
இத்தனை வருஷமாக எங்கள் திரையில்
பதின்மூன்றைத் தள்ளினால் பதினைந்து வந்தது.
ஒருவரும் புகார் சொல்லவில்லை.
நான் புதிதாக எழுதிய சோதனைதான்
தாள்களை எண்ணிப் பார்க்கிறது.

ஒரு கான்வாஸ் செய்தேன்.
அகலமும் உயரமும் பக்கத்துத் தாளுடையவை.
படம் ஒன்றும் ஒட்டவில்லை.
தலைப்பு: 14.
எண்ணுக்கு என்ன மொழி?
அந்த நாலெழுத்து
இங்கே உட்கார்ந்துகொண்டது.

பச்சை.

மேலங்கியில் ஒரு கையை மட்டும் நுழைத்தபடி
தர்வோ என் திரைக்குக் குனிந்தான்.
"அங்கே ஒன்றும் இல்லையே."
"பதினான்கு" என்றேன்.