முந்நூற்றைம்பது வெள்ளி

செவ்வாய்க்கிழமை, விடிந்தும் விடியாமலும்
கங்கோங் கட்டிக்கொண்டிருந்தபோது
இடுப்பில் செருகியிருந்த கைப்பேசி சிணுங்கியது.
ஈரக் கைக்கு அது திறக்காது.
பாவாடையில் விரலைத் துடைத்துத் தொட்டேன்.
மலாயில் இரண்டே வரி.
என் கணக்கில் முந்நூற்றைம்பது வெள்ளி.

மின்கம்பிகளுக்குக் கீழே எங்கள் பாத்தி.
தலைக்கு மேலே பகலும் இரவும் ஒரு ரீங்காரம்.
யாருடைய நிலமோ. நாளைக்கே
எழுந்திரு என்றால் எழுந்துவிட வேண்டும்.
வெண்டைக்கு இது தெரியாது,
காய்த்துக்கொண்டே இருக்கிறது.

மானிய உரம் கேட்டு ஒருமுறை போனோம்.
முக்காடிட்ட பெண், நல்ல பிள்ளை,
நிலப் பத்திரம் இருக்கா என்றாள். இல்லை.
அனுமதிக் கடிதம்? இல்லை.
தொழில் என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்து
'லாயின் லாயின்' என்று தட்டினாள்.
மற்றவை.
வீரசிங்கம் வழியெல்லாம் அதையே சொல்லிச் சிரித்தார்:
நாம மற்றவை, பவளம், நாம மற்றவை.

இந்தப் பணம் பத்திரம் கேட்கவில்லை.

வங்கி இயந்திரத்தின் முன்னால் நீள வரிசை.
நோட்டு வெளியே வந்ததும் யாரும் எண்ணவில்லை,
எதையோ எடுத்துவிட்டவர்கள் போல
மடித்துக்கொண்டு நகர்ந்தார்கள்.
நானும்தான்.

ஆ லெக்கின் லோரி ஏழு மணிக்கு வரும்.
உரம் அவன் தந்தது, மருந்து அவன் தந்தது,
விதைகூட அவன் கடைப் பொட்டலம்.
விலை மட்டும் எங்கே நம் வாயிலிருந்து வரும்?
கிலோ ஒரு வெள்ளி இருபது காசு என்பான், தருவோம்.
அதே காயை நிபோங் திபால் சந்தையில்
நாலு வெள்ளிக்குப் பார்த்திருக்கிறேன்.
கெட்டவன் இல்லை. சீனப் பெருநாளுக்கு
ஆரஞ்சுப் பெட்டி கொண்டுவந்து வைப்பான்.
அதையும் நோட்டில் எழுதியிருப்பானோ என்று
இவர் சுளையை எண்ணி எண்ணித் தின்பார்.

பணம் கிடைத்த மறுநாள்
வேறு கடையில் ரொக்கம் கொடுத்து
ஒரு மூட்டை உரம் வாங்கினேன்.
நூற்று நாற்பத்தெட்டு.
மோட்டாரில் முன்னால் மூட்டை, பின்னால் நான்.

காலையில் ஆ லெக் மூட்டையைப் பார்த்தான்,
அதிலிருந்த கடையின் பெயரைப் பார்த்தான்.
எதுவும் கேட்கவில்லை.
தராசில் கூடையை வைத்துக்கொண்டே
ஒன்று எண்பது என்றான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும்.
எனக்கு வந்தது கோபம்.
அறுபது காசு.
பதினோரு வருடமாக
அவன் சட்டைப் பையிலேயே இருந்திருக்கிறது.
அன்று இரவு காலண்டரின் பின்பக்கத்தில்
பெருக்கிப் பார்த்தேன்,
பாதியில் நிறுத்திவிட்டேன்.

மீதியில் எழுபத்தொன்பதுக்கு
திவாகருக்கு இரும்பு முனை வைத்த காலணி.
அது இல்லாமல் பத்து கவான் தொழிற்சாலையில்
உள்ளேயே விடமாட்டார்களாம்.
எனக்கு எதுவும் வேண்டாம்மா என்றுதான் சொன்னான்.
சொல்லும்போது
தன் காலைப் பார்த்துச் சொன்னான்.

வாங்கிக் கொடுத்தேன். போய்விட்டான்.
நல்ல உரம், செடி இடுப்பளவு நிற்கிறது.
காய் அதிகம், கை குறைவு.
அவன் பறிக்கும் வரிசையை
இப்போது நான் பறிக்கிறேன்,
என் வரிசை முடிந்த பிறகு.
வெண்டைச் சுணை முழங்கை வரை அரிக்கிறது.

நாத்தனார் வந்து தேநீர் குடித்துவிட்டு
ஐம்பது கேட்டாள்.
அவளுக்கும் வந்திருக்கும், நானும் கேட்கவில்லை,
அவளும் சொல்லவில்லை.
கொடுத்தேன்.
பள்ளி பஸ்காரர் சனிக்கிழமை வந்து நின்றார்.
யஷ்வினி ஜன்னல் பக்கம் உட்காருகிறாளாம், சொன்னார்.

நேற்று லோரியில் ஏறப் போன ஆ லெக்
திரும்பி நின்று கேட்டான்:
அடுத்த மாசம் உரம் போடவா?
அந்த மூட்டையில் கால்வாசிதான் மிச்சம்.
பார்க்கலாம் என்றேன்.
என் குரலா அது என்று
எனக்கே சந்தேகம்.

இவருடைய கடைவாய்ப் பல்
இன்னும் வாயில்தான் இருக்கிறது.
வலிக்குதா என்றால் தலையாட்டுவார்,
ஆமாவா இல்லையா என்று தெரியாதபடி.
சோற்றை இடப்பக்கமே ஒதுக்கி மெல்கிறார்.
அடுத்த தவணை எப்போ என்று மட்டும்
இருட்டில், படுத்த பிறகு, கேட்டார்.