பதினொன்றாம் பத்தி

சோஹாரில் வெள்ளிக்கிழமை.
சிந்தா மதார் டைப்பிங் சென்டரைத் திறக்க
நாலு மணியாகிவிட்டது.
ஏசி ஓடுகிறது, குளிர்தான் இல்லை.
பிரமாணப் பத்திரத்தைப் புரட்டிவிட்டு
'எவ்வளவு குறைக்கணும்?' என்றார்,
மீன் கடையில் கேட்கிற மாதிரி.

பதினெட்டாயிரம் போட்டிருக்கிறார்கள்.
மார்ச் மாதச் சம்பளச் சீட்டை வைத்து.
அடிப்படை நூற்று நாற்பது ரியால்,
ஓவர்டைம் தொண்ணூறு.
இரண்டையும் கூட்டி
அன்றைய ரேட்டில் பெருக்கியிருக்கிறது திருநெல்வேலி.
கணக்கில் தப்பில்லை.
மார்ச்சில் இங்கே காற்று கிடைக்கும்,
கிரேன் இரவு பத்து வரை ஓடும்.
ஜூன் பிறந்தால் பகல் பன்னிரண்டரைக்கு
கொக்கியைத் தூக்கிக் கட்டிவிட வேண்டும்.
வெயிலை எந்தச் சீட்டிலும் அச்சடிப்பதில்லை.

'எல்லாத்தையும் எழுதுங்க' என்றேன்.
எழுதினார். நன்றாகவே எழுதினார்.
மெஸ், அறை வாடகை, நான் ஜாமீன் நின்று
மந்திரமூர்த்தி ஊருக்கு ஓடிப்போன கடன்.
எனக்கே இரக்கம் வரும்படி ஓர் ஆள்
திரையில் வரி வரியாக எழுந்து நின்றான்.

பத்தி பதினொன்று.
பிள்ளையின் மாதச் செலவு, மனுதாரர் அறிந்தவரை.
'சொல்லுங்க. எத்தனாம் வகுப்பு?'
நாலு என்றேன்.
இல்லை, ஐந்து.
நடுவில் ஒரு ஜூன் எனக்குத் தெரியாமல் போயிருந்தது.
அவர் விரல் பத்தும் கீபோர்டின் மேல் சும்மா நின்றன.

வெளியே வந்து பியூலாவை அழைத்தேன்.
பதினாலு மாதமாக வக்கீல்கள் மட்டும் பேசிய எண்.
'கேஸுக்கா?'
ஆமாம்.
டிவி சத்தம் குறைந்தது.
கரன்ட் ரீடிங் வாசிக்கிற குரலில் சொன்னாள்:
ஃபீஸ் மாசத்துக்கு மூவாயிரத்து இருநூறு.
வேன் ஆயிரத்து நூறு.
ஜெரூஷாவுக்கு இடது கண் பவர் நிற்கவில்லை,
மாசம் ஒரு தடவை மதுரை ஆஸ்பத்திரி,
பஸ்தான், டாக்ஸி இல்லை.
கண்ணாடி வருஷத்துக்கு ரெண்டு.
பால், அரிசி, வாடகையில் அவள் பங்கு.
செருப்பு நம்பர் மூணு.
அது செலவில்லை, சும்மா சொன்னேன்.
எழுதிக்கிட்டீங்களா?

சிகரெட் அட்டையின் உள்பக்கத்தில் எழுதியிருந்தேன்.
கூட்டிப் பார்க்கவில்லை.
மதார் கூட்டினார்.
'அவங்களுக்கு வேலை உண்டா?'
ஜவுளிக்கடை. ஒன்பதாயிரம்.
மேற்கொண்டு எதுவும் கேட்காமல்
கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

மந்திரமூர்த்தியை எடுக்கச் சொன்னேன்.
அவன் கடனை அவள் ஏன் கட்டவேண்டும்?
ஜூன், ஜூலை, ஆகஸ்ட்,
இந்த மூன்று மாதத்துக்கு மட்டும் பன்னிரண்டாயிரம்;
விட்டுப்போனதை நவம்பரிலிருந்து தருகிறேன் என்று
மனுவின் வாலை மாற்றினோம்.
வக்கீல் திட்டுவார்.
பொய் இல்லை, இந்த மாதம் என்னிடம் இல்லை.

ஒன்பது பக்கம். பக்கத்துக்கு இருநூறு பைசா.
பதினொன்றாம் பத்தி அதன் கட்டத்துக்குள் அடங்காமல்
அடுத்த பக்கத்துக்கு வழிந்திருந்தது.
அங்கே முதல் வரியில் செருப்பு நம்பர்,
அட்டையில் கண்டதை அப்படியே அடித்துவிட்டார் மனுஷன்.
'எடுத்துரட்டுமா?' என்றார்.
பேனாவை வாங்கிக்கொண்டேன்.